அடும்பங்கொடி களையன்று

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் கடற்கரைக்குப் போயிருப்பீர்கள். அலையில் கால் நனைத்திருப்பீர்கள். மணல் வீடு கட்டியிருப்பீர்கள். சுண்டல் வாங்கித் தின்றிருப்பீர்கள். சாலையிலிருந்து இறங்கி அலைவாய்க்குப் போகிற வழியில், காய்ந்த மணலின்மேல் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலப் படர்ந்து கிடக்கும் ஒரு கொடியையும் தாண்டித்தான் போயிருப்பீர்கள். நுனியில் இரண்டாகப் பிளந்த தடித்த இலை. காலை வேளையில் புனல் வடிவில் விரியும் ஊதாப் பூ. இலையைக் கிள்ளினால் பால். அதன் பெயர் என்ன என்று கேட்டால் பெரும்பாலோர், 'ஏதோ கொடி' என்றுதான் சொல்வார்கள்.

அதன் பெயர் அடும்பு. அடம்பு என்றும், அடம்பங்கொடி என்றும், ஆட்டுக்கால் கொடி என்றும் ஊருக்கு ஊர் வழங்குகிறது. கடற்கரையைத் தூய்மை செய்கிறோம், அழகுபடுத்துகிறோம், அங்கே மரம் நடுகிறோம் என்னும் நல்ல நோக்கங்களுக்காகவே இன்று இந்தக் கொடி வாரி எறியப்படுகிறது. இது தவறு என்பது என் கருத்து. ஏன் தவறு என்பதை உங்கள் முன் வைக்கிறேன். 'இயற்பியல் ஆசிரியருக்குச் செடி கொடியில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள், பெரும்பாலும் இயற்பியலைத்தான் பேசப் போகிறேன்.

முதலில் பெயர் பற்றி ஒரு சொல். செடிகளுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸ், 1753இல் இக்கொடிக்கு இலத்தீன் மொழியில் 'ஆட்டின் கால்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். இன்று தாவரவியலார் இதனை ஐப்போமியா பெஸ்-காப்ரே என்கின்றனர். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே நம் குறுந்தொகைப் புலவர் ஒருவர் இதே இலையை மானின் குளம்புக்கு ஒப்பிட்டுவிட்டார். பூவைக் குதிரையின் கழுத்து மாலையில் கட்டும் மணிக்கு ஒப்பிட்டார். ஆடா, மானா என்று நாம் வழக்காட வேண்டியதில்லை. இரண்டுமே பிளந்த குளம்புள்ள விலங்குகள். இருவருமே இலையை நன்றாக உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

இதன் உறவினர்களை உங்களுக்கு நன்றாகத் தெரியும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு இதே ஐப்போமியா இனம், வள்ளைக்கீரையும் அப்படியே. ஏரி குளங்களை அடைத்துக்கொண்டு நிற்கிறதே, நெய்வேலிக் காட்டாமணக்கு என்று மக்கள் பெயரிட்ட தென்னமெரிக்கச் செடி, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஒரே குடும்பத்தில் ஒன்று உணவு, ஒன்று கீரை, ஒன்று தொல்லை. எனவே 'களை' என்பது செடியின் பிறவிக் குணம் அன்று. எந்த இடத்தில், எந்த வேலையைக் கெடுத்துக்கொண்டு நிற்கிறது என்பதைப் பார்த்தே ஒரு செடியைக் களை என்கிறோம். அடும்பு தன் இடத்தில்தான் நிற்கிறது. அங்கே அது செய்யும் வேலை என்ன?

வேலையைப் பார்க்குமுன், அது வாழும் இடம் எவ்வளவு கொடியது என்று பாருங்கள். சித்திரை மாத நண்பகலில் வெறுங்காலோடு கடற்கரை மணலில் நடந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேல்மணலின் வெப்பநிலை 50 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும். அந்த மணலில் கையை நுழைத்துப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்தில் சில்லென்று இருக்கும். காரணம், உலர்ந்த மணல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. மணலுக்கிடையே அடைபட்டிருக்கும் காற்று ஒரு போர்வையாகிவிடுகிறது. பகலின் சூடு கீழே இறங்குவதற்குள் பொழுது சாய்ந்து இரவு வந்துவிடுகிறது. ஆகையால் ஒரு முழ ஆழத்தில் இரவு, பகல் என்ற வேறுபாடே ஏறத்தாழ இல்லை. ஒரு வெப்பமானியும் நூலில் குறித்த அளவுகளும் இருந்தால் இதை நீங்களே அளந்து வரைபடம் வரையலாம். அடும்பு தன் ஆணிவேரை அந்தக் குளிர்ந்த, ஈரமான ஆழத்திற்கு அனுப்பிவிடுகிறது.

இலைக்கு அந்த வசதி இல்லை. அது வெயிலில்தான் இருந்தாக வேண்டும். எனவே நண்பகலில் இலை தட்டையாகக் கிடப்பதில்லை. நடுநரம்பின் வழியே புத்தகம் போலச் சற்று மடிந்து நிமிர்ந்து நிற்கிறது. உச்சி வெயில் நேர் மேலிருந்து விழும்போது தட்டையான இலை முழு ஒளியையும் வாங்கும். 60 டிகிரி சாய்ந்த இலை அதில் பாதியைத்தான் வாங்கும். திரிகோணமிதியில் கோசைன் 60 என்பது அரை என்று மனப்பாடம் செய்தீர்களே, அதைத்தான் இலை செய்து காட்டுகிறது. உப்புத் திவலை படாமல் தடுக்க இலையின்மேல் மெழுகுப் பூச்சு. இலைக்காம்பின் மேல்முனையில் இரண்டு சிறிய தேன் சுரப்பிகள். அந்தத் தேனுக்காக எறும்புகள் வந்து காவல் காக்கின்றன. தண்டோ தரையோடு தரையாக ஓடுகிறது. 20, 30 மீட்டர் நீளம் ஓடுவதும் உண்டு. ஒவ்வொரு கணுவிலும் புது வேர் இறங்குகிறது.

விதையின் கதை தனி. பழம் ஓர் உருண்டைக் காய். உள்ளே நான்கு விதைகள். பழுப்பு நிறத்தில் வெல்வெட்டுத் துணி போர்த்தினாற்போல மயிர் மூடியவை. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிடச் சற்று அதிகம். ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.025 கிராம். விதையின் அடர்த்தி அதனினும் குறைவு. பிறகென்ன, ஆர்க்கிமிடீசின் விதிப்படி மிதக்க வேண்டியதுதான். மாதக் கணக்கில் மிதந்தாலும் விதை கெடுவதில்லை. ஏனெனில் அதன் கெட்டியான ஓடு தண்ணீரை உள்ளே விடுவதில்லை. கரை சேர்ந்து, மணலில் உரசி, ஓடு தேய்ந்தால்தான் நீர் புகுந்து முளைக்கும். கடலிலேயே முளைத்துவிட்டால் கதை முடிந்துவிடும் அன்றோ?

இந்தப் பயணத்தின் பயனாக அடும்பு இன்று இந்தியா, இலங்கை, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கக் கண்டங்கள், பசிபிக் தீவுகள் என்று வெப்ப மண்டலக் கடற்கரை எங்கும் பரவியிருக்கிறது. 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இந்தோனேசியாவின் கிராக்கட்டோவா எரிமலை வெடித்து, அந்தத் தீவின் செடிகொடிகள் சாம்பலுக்குள் புதைந்து அழிந்தன. உயிர் எப்படித் திரும்பும் என்று பார்க்கத் தாவரவியலார் மறுபடி மறுபடி அங்கே போனார்கள். 1897இல் அவர்கள் போனபோது கடற்கரையில் அடும்பு படர்ந்து கிடந்தது. கடற்கரையின் இந்த முதல் பச்சை வரிசைக்கே ஜெர்மானியத் தாவரவியலார் ஷிம்பர் இக்கொடியின் பெயரைத்தான் வைத்தார்.

இனி, காற்றுக்கு வருவோம். இங்குதான் என் பாடம் தொடங்குகிறது.

கடற்கரை மணல் சும்மா இருப்பதாக நாம் நினைக்கிறோம். அது இருப்பதில்லை. காற்றின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் ஆகும்போது உலர்ந்த மணல் நகரத் தொடங்குகிறது. பிற்பகல் கடற்காற்று இந்த வேகத்தை எளிதில் எட்டிவிடும். மணல் எப்படி நகர்கிறது? தூசு போல மேலே பறந்து போவதில்லை. ஒரு மணல் துகள் எழும்பித் துள்ளி, முன்னே போய் விழுகிறது. விழுந்த வேகத்தில் வேறு சில துகள்களைக் கிளப்பிவிடுகிறது. அவை துள்ளி விழுந்து இன்னும் சிலவற்றைக் கிளப்புகின்றன. காற்று பலமாக வீசும்போது கணுக்காலில் ஊசி குத்துவதுபோல் உணர்ந்திருப்பீர்கள், முகத்தில் குத்தாது. ஏனெனில், நகரும் மணலில் பெரும்பகுதி தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்திற்குள்ளேயே துள்ளிப் போகிறது.

இதை முறையாக ஆராய்ந்தவர் பாக்னால்டு என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர். லிபியப் பாலைவனத்தில் மோட்டார் வண்டி ஓட்டித் திரிந்தவர். ஊர் திரும்பி, தாமே காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து மணலை ஊதிப் பார்த்தார். 1941இல் அவர் வெளியிட்ட நூல், செவ்வாய்க் கோளின் மணல்மேடுகளை ஆராய்வோருக்கும் இன்று அடிப்படையாக இருக்கிறது. அவர் கண்ட முக்கியமான விதி இது: காற்று சுமக்கும் மணலின் அளவு, மணலின்மேல் காற்றின் பிடி எவ்வளவு வேகமோ அதன் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. வேகம் இரு மடங்கானால் மணல் எட்டு மடங்கு. வேகத்தைப் பாதியாக்கினால் மணல் எட்டில் ஒன்றாகிவிடும். சில சமயம் நகரவே நகராது.

இந்த மும்மடியை மனத்தில் வைத்துக்கொண்டு அடும்பைப் பாருங்கள். அதன் உயரம் எவ்வளவு? இலையோடு சேர்த்து ஒரு சாண்! மணல் துள்ளும் உயரமும் அதுவே. வானளாவிய மரம் அடியில் வெறுந்தண்டாக நின்றால், தரையை ஒட்டிப் போகும் மணலுக்கு அது பெரிய தடை ஆகாது. அடும்போ சரியாகத் தேவையான உயரத்தில், ஆயிரக்கணக்கான இலைகளை நிறுத்தி வைத்திருக்கிறது. காற்றின் இழுவிசையை இலைகளும் தண்டுகளும் வாங்கிக்கொள்கின்றன. அவற்றின் கீழே மணலைத் தொடும் காற்று ஏறத்தாழ ஓய்ந்துவிடுகிறது. துள்ளி வந்த மணல் அங்கேயே விழுகிறது. விழுந்தது எழுவதில்லை.

வீட்டில் செய்து பாருங்கள். ஒரு தாம்பாளத்தில் உலர்ந்த மணலைப் பரப்பி மேசை விசிறியை வையுங்கள். மணல் ஓடுவது தெரியும். பிறகு மணலின்மேல் தேங்காய் நாரைச் சிக்கலாகப் பரப்பிவிட்டு, அதே தூரத்தில் அதே வேகத்தில் விசிறியை ஓட்டுங்கள். நாரின் முன்னும் பின்னும் நடுவிலும் எவ்வளவு மணல் இருக்கிறது என்று நிறுத்துப் பாருங்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, வாசலில் செய்வது நல்லது. ஒற்றை நார் வைத்தால் ஒன்றும் ஆகாது என்பதையும் கவனியுங்கள். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று யாழ்ப்பாணத்தார் சொல்வார்கள். ஒற்றுமையைப் போதிக்கத்தான் அந்தப் பழமொழியை மேடைகளில் எடுத்தாளுகிறார்கள். எனக்கோ அது காற்றியக்கவியல் பாடமாகவே படுகிறது.

விழுந்த மணல் கொடியை மூடிவிடாதா? மூடும். புல்தரைப் புல் அப்படி மூடப்பட்டால் செத்துப்போகும். அடும்பு, மூடிய கணுவில் வேர் விட்டு, நுனியை மேலே தள்ளி, புதிய மணலின்மேல் மறுபடி படரும். மறுபடி மணல் விழும், மறுபடி ஏறும். இப்படிப் படிப்படியாக எழுவதுதான் கடற்கரை மணல்மேடு. இந்த வேலையில் அதற்குத் துணை, பந்து போன்ற முள் தலையைக் காற்றில் உருட்டிவிட்டு விதை பரப்புகிற இராவணன் மீசைப் புல். இரண்டும் சேர்ந்து சிமெண்டு இல்லாமல், கூலி இல்லாமல் ஒரு மேட்டைக் கட்டுகின்றன. பழுதானால் தாமே சரியும் செய்துகொள்கின்றன.

மேடு எதற்கு? அது கடற்கரையின் சேமிப்புக் கணக்கு. ஐப்பசி, கார்த்திகைப் புயற்காலத்தில் பேரலைகள் வந்து மேட்டின் முன்பகுதியை அரித்துக்கொண்டு போகின்றன. பார்ப்பவருக்கு நட்டம்போல் தெரியும். ஆனால் அந்த மணல் தொலைந்துவிடுவதில்லை. கரைக்குச் சற்று முன்னே நீருக்கடியில் திட்டாகப் படிகிறது. ஓர் அலை, தன் உயரத்தைப் போல் சுமார் ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள இடத்திற்கு வந்தவுடன் உடைந்துவிடும் என்பது கடலியலார் கையாளும் தோராயக் கணக்கு. திட்டு ஏற்பட்டு ஆழம் குறைந்ததால், பெரிய அலைகள் கரைக்கு வருமுன்பே அங்கு உடைந்து வலிமை இழக்கின்றன. கடல் அமைதியானதும் சிற்றலைகள் அதே மணலைத் திருப்பிக் கொணர்ந்து சேர்க்கும், காற்று அதை உள்ளே தள்ளும், அடும்பு பிடித்துக்கொள்ளும். கருங்கல் கொட்டிய சுவரில் இந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லை. அலை சுவரில் மோதித் திரும்பும்போது சுவரின் அடிமணலையே பறிக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அடும்பு எல்லாம் வல்லதன்று. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின், கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மணல் தடைபட்டு, நகரின் முன்னிருந்த கடற்கரை கரைந்துபோயிற்று. 2018இல் கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகே ஒரு பகுதி மணல் திரும்பி வந்தது. வரவே நின்றுபோன கணக்கில் எந்தக் கொடியாலும் சேமிக்க முடியாது. அதேபோல் 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையைக் கொடி தடுத்திருக்குமா என்று கேட்டால், கொடி தடுக்காது என்பதே நேர்மையான விடை. ஆனால் உயரமான மணல்மேடுகள் இருந்த இடங்களில் நீர் உட்புகுந்தது குறைவாக இருந்ததைப் பின்னர் ஆய்ந்தவர்கள் குறித்திருக்கிறார்கள். அந்த மேடுகளை எழுப்பிக் காத்து வைத்தவை இத்தகைய செடிகொடிகளே.

மேட்டினால் இன்னொரு நன்மை உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் ஆய்வகத்திலுள்ள யு-குழாய் போதும், புரிந்துகொள்ள. குழாயின் ஒரு புயத்தில் கடல்நீர், மறு புயத்தில் நன்னீர் என்று கொள்ளுங்கள். 40 மீட்டர் கடல்நீர் கொடுக்கும் அழுத்தத்திற்கு ஈடாக எத்தனை மீட்டர் நன்னீர் வேண்டும்? 40ஐ 1.025ஆல் பெருக்குங்கள், 41 மீட்டர். அதாவது நன்னீர் மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே 40 மீட்டர் வரை உப்புநீரைத் தள்ளி வைக்க முடியும். கைபன், ஹெர்ட்ஸ்பெர்க் என்னும் இருவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்ட கணக்கு இது. உண்மையான நிலத்தில் மண்ணின் தன்மையைப் பொறுத்து இது மாறுபடும் என்றாலும், அடிப்படை இதுதான்.

மழைநீர் மணல்மேட்டில் ஓடி வீணாவதில்லை. உறிஞ்சப்பட்டு, உப்புநீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்குப் போனால், இருபுறமும் கடல் சூழ்ந்த மணலில் மீனவர்கள் கையால் குழி தோண்டிக் குடிநீர் எடுப்பதைக் காணலாம். சுற்றுலாப் பயணிகள் அதை அதிசயம் என்று படம் பிடிக்கிறார்கள். அதிசயம் இல்லை, 41க்கு 40. மேட்டை வெட்டித் தாழ்த்தினால் நன்னீர் மேலெழுந்து நிற்க இடம் குறைகிறது. நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால் கணக்குப்படி உப்பு 40 மீட்டர் ஏறலாம் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆழ்குழாய்க் கிணறுகள் செய்யும் கேடு இதைவிடப் பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. அதற்காக இந்தக் கேட்டையும் சேர்த்துச் செய்வானேன்?

இப்போது என் குறைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலோர ஊரில் மரம் நடு விழா, என்னையும் அழைத்திருந்தார்கள். அழைப்பிதழிலேயே 'புதர் அகற்றி' என்று அச்சிட்டிருந்தது. போய்ப் பார்த்தால், அகற்றி வண்டியில் ஏற்றியிருந்தது அத்தனையும் அடும்பு. வேரோடு, பூவோடு கிடந்தது. மாணவர்கள் வியர்வை சொட்டச் சொட்ட மிகுந்த ஆர்வத்தோடு வேலை செய்திருந்தார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வேன்? அவர்களுக்கு யாரும் அதன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அடுத்த கோடையில் அவ்வழியே போனபோது மணல் சாலை ஓரம் வரை வந்திருந்தது. நட்டவற்றில் பல பட்டுப்போயிருந்தன. பட்டவற்றுக்குப் பதிலாகப் புதுக் கன்றுகள் நட மறுபடி நிதி கேட்பதாகச் சொன்னார்கள்.

மரம் நடுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் எல்லா நிலத்துக்கும் மரமே மருந்து என்று எண்ணுவதைத்தான் எதிர்க்கிறேன். 2004க்குப் பிறகு நம் கடற்கரையில் பல இடங்களில் சவுக்கு நட்டார்கள். சவுக்கு நல்ல மரம். விறகுக்கும் கம்பத்துக்கும் பல குடும்பங்களை வாழ வைக்கும் மரம். 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகவே இங்கு பெருமளவில் பயிரிடப்பட்டது. அது உள்ளே தள்ளி நிற்கட்டும். அலைவாய்க்கு அருகில் முதல் வரிசையில் அதை நெருக்கி நட்டால், அதன் நிழலும், மெத்தை போல உதிரும் சருகும், முழு வெயில் வேண்டும் அடும்பை வளர விடுவதில்லை. தை, மாசி மாதங்களில் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் திறந்த மணல் இல்லாமற் போகிறது.

என்னோடு மாறுபடுவோர் சொல்வதையும் கேளுங்கள். கொடிக்குள் பாம்பு இருக்கும் என்பார்கள். உடைந்த கண்ணாடி மறைந்து கிடக்கும் என்பார்கள். கண்ணாடியை அங்கே போட்டது கொடியா? நடப்பதற்கு ஓரிரு பாதைகளை விட்டுவிட்டு மற்ற இடத்தைக் கொடிக்கு விட்டால் இரண்டு அச்சமும் தீரும். சில இடங்களில் கொடியின் வேர் ஆமைக் குழிக்குள் புகுந்து முட்டைகளைக் கெடுப்பதுண்டு என்பார்கள், அதுவும் உண்மையே. ஆனால் ஆமைக் குஞ்சுகள் மணலிலிருந்து வெளிவந்ததும் இருண்ட பின்புலத்தை விட்டு விலகி வெளிச்சமான தொடுவானை நோக்கி ஓடும் இயல்புடையவை. அந்த இருண்ட பின்புலம் பச்சை மூடிய மேடுதான். மேட்டை மட்டமாக்கி விளக்குக் கம்பம் நட்டால் குஞ்சுகள் சாலைக்குப் போகும்.

எனக்கு மிகவும் நியாயமாகப் படும் மறுப்பு மீனவர்களுடையது. படகை ஏற்றவும், கரைவலை இழுக்கவும், கருவாடு காயவைக்கவும் அவர்களுக்கு வெறும் மணல் வேண்டும். தாராளமாக இருக்கட்டும். நாள்தோறும் கால் படும் இடத்திலிருந்து அடும்பு தானே விலகிக்கொள்ளும். அவர்களும் கொடியும் நெடுங்காலமாக ஒரே கரையில் வாழ்ந்து வருகிறார்கள். கடற்கரைக்குள் வண்டி ஓட்டி வருகிறோமே, அந்தச் சக்கரத்தடங்களும், மணலைச் சலிக்கும் இயந்திரங்களும், மேட்டை மட்டமாக்கும் மண்வாரி எந்திரங்களும்தான் கொடியை மீளவிடாமல் செய்கின்றன.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1991இல் வந்து, 2011இலும் 2019இலும் திருத்தி வெளியிடப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மணல்மேடுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையிலேயே வைத்திருக்கிறது. ஆனால் முழங்கால் உயரமுள்ள இளம் மேட்டை யாரும் மேடு என்று எண்ணுவதில்லை. அதன் மேலுள்ள கொடியைச் செடி என்றே எண்ணுவதில்லை. இதில் அதிகாரிகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் பாடநூல்களில் தாவர உலகம் என்றால் மல்லிகையும் செம்பருத்தியுமாகவே இருந்து வந்திருக்கிறது.

கடலோரப் பள்ளிகளில் படிக்கும் உங்களை அடுத்த முறை தூய்மைப் பணிக்கு அழைப்பார்கள். அவசியம் போங்கள். ஞெகிழித் தாள், புட்டி, தெர்மோகோல் எல்லாவற்றையும் பொறுக்குங்கள். அறுந்த மீன்வலைத் துண்டுகள் அடும்பங்கொடியில் சிக்கிக் கிடக்கும். அவற்றைப் பிடித்து இழுத்தால் கொடியும் வேரோடு வந்துவிடும். எனவே கத்தரிக்கோல் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். வலையை நறுக்கி, கொடியின் அடியிலிருந்து மெதுவாக உருவி எடுங்கள். 'இந்தப் புதரையும் பிடுங்கலாமே' என்று யாராவது சொன்னால், அதன் பெயரையும் அந்த மும்மடிக் கணக்கையும் சொல்லுங்கள். அதற்கும் அவர் இணங்காவிட்டால், கொடி உள்ள இடத்தில் ஒரு குச்சியும் கொடி இல்லாத இடத்தில் ஒரு குச்சியும் நட்டு, மணல் மட்டத்தைக் கோடிட்டுக் குறித்துவிட்டு, ஒரு மாதம் கழித்து அவரையே அழைத்துப் போய்க் காட்டுங்கள்.